கணக்குப் படித்துவிட்டுப் பரிணாம ஆராய்ச்சிக்குப் போவது எப்படி? இரண்டு வருடம் தொலைத்தவன் சொல்வது

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு பி.எச்டி.க்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். மூன்றும் ஊற்றிக்கொண்டன. ஓரிடத்தில் துறையே தப்பு. இன்னோரிடத்தில் சாதிச் சான்றிதழ் தப்பு. மூன்றாவது இடத்தில் நேர்காணல் வரைக்கும் போய், பள்ளிக்கூடப் பையன் போடும் ஒரு கோட்டுப்படத்தைப் போடத் தெரியாமல் நின்றேன். அடுத்த வருடம் தேர்வே எழுத முடியவில்லை. கடைசித் தேதியைக் கோட்டைவிட்டேன். இப்போது பெங்களூரில் மூன்றாம் வருட ஆய்வு மாணவன்.

என் வேலை இதுதான்: ஒரு மரபணு மாற்றம் எப்போது கூட்டத்தில் நிலைக்கும், உயிர்கள் ஏன் ஒன்றுக்கொன்று உதவுகின்றன, ஒரு பழக்கம் மனிதர்களிடையே எப்படித் தொற்றிக்கொள்கிறது என்பதையெல்லாம் சமன்பாடு எழுதியும் கணினியில் ஓட்டியும் பார்ப்பது. கணிதம், இயற்பியல், இன்ஜினியரிங் படித்துவிட்டு, இந்தியாவிலேயே இந்த வேலைக்குள் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டணங்கள் நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இது பிடிக்கிறதா என்று பாருங்கள் (செலவு: ஒன்றுமில்லை, காலம்: மூன்று வாரம்)

விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு சின்னக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

முதல் கணக்கு, எங்கள் ஊர் வாய்க்கால். ஐந்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தூர்வாருகிறார்கள். போட்ட பணம் மூன்று மடங்கு பலன் தருகிறது, பலன் ஐந்து வீட்டுக்கும் சமமாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் போட்டால் ஆளுக்கு 30 ரூபாய் பலன். ஒருவர் மட்டும் நைசாக ஒதுங்கிக்கொண்டால்? நான்கு பேர் போட்ட 40, 120 ஆகிறது, ஆளுக்கு 24. ஒதுங்கியவர் கையில் தன் 10-உம் இருக்கிறது, ஆக 34. தூர்வாரியவருக்கு 24 தான். ஒதுங்குவது லாபம். ஆனால் எல்லோரும் ஒதுங்கினால் ஆளுக்குப் பழைய 10 மட்டும்தான் மிச்சம். அப்படியிருந்தும் ஊரில் வாய்க்கால் தூர்வாரத்தான் செய்கிறார்கள். ஏன்? அபராதமா, மானப் பிரச்சினையா, அடுத்த வருடமும் இதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்பதா? சமூகப் பரிணாம ஆய்வில் பாதி இந்தக் கேள்வியின் பேரப்பிள்ளைகள்தான். இதில் அபராதம் ஒன்றைச் சேர்த்து, எவ்வளவு அபராதம் போட்டால் ஒதுங்குவது நஷ்டமாகும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு மதியம் போதும்.

இரண்டாவது கணக்குக்குப் பைத்தான் தெரிய வேண்டும். நூறு உயிர்கள் கொண்ட கூட்டம். அதில் ஒன்று மட்டும் புது வகை, மற்றவற்றைவிட 10 சதவீதம் கூடுதலாக இனப்பெருக்கம் செய்யக்கூடியது. ஒவ்வொரு படியிலும் ஓர் உயிர் பிரசவிக்கிறது (கூடுதல் திறன் உள்ளதற்குக் கூடுதல் வாய்ப்பு), ஏதோ ஒன்று சாகிறது (இதில் எல்லோருக்கும் சம வாய்ப்பு), குட்டி அந்த இடத்துக்கு வருகிறது. புது வகை அழியும்வரை, அல்லது கூட்டம் முழுக்க அதுவே ஆகும்வரை ஓட்டுங்கள். இதை ஆயிரம் தடவை செய்யுங்கள். இதற்கு மொரான் முறை என்று பெயர்.

எனக்கு முதல் தடவை ஆயிரத்தில் 11 முறைதான் புது வகை ஜெயித்தது. வர வேண்டியது கிட்டத்தட்ட 91. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: பிரசவிக்கும் உயிரைத் திறனுக்கேற்ற வாய்ப்போடு தேர்ந்தெடுக்க வேண்டிய வரியில் எல்லாவற்றையும் சமமாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். எந்தச் சலுகையும் இல்லாத வகைக்கு நூறில் ஒரு பங்கு வாய்ப்பு, அதாவது ஆயிரத்தில் 10. என் தப்பான நிரலே ஒரு தேற்றத்தைச் சரியாகக் காட்டியிருந்தது! வரியைத் திருத்தியதும் 88 வந்தது. சலுகை உள்ள வகைகூடப் பதினொன்றில் பத்து தடவை தொலைந்துபோகிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இந்த இரண்டையும் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால் மேலே படியுங்கள். கொட்டாவி வந்திருந்தால் பி.எட். ஒன்றும் மோசமில்லை.

2. எதைப் படிப்பது, எதை விடுவது

வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகளின் ஐகன் மதிப்பு, நிகழ்தகவு (குறிப்பாக மார்க்கோவ் சங்கிலி), பைத்தான். இந்த நான்கும் வேண்டும். எம்.எஸ்ஸி.யில் நாம் வருடக்கணக்கில் உருப்போட்ட டோபாலஜி இங்கே அவ்வளவாக உதவாது. உயிரியலில் மெண்டல் விதிகள், ஹார்டி-வெயின்பர்க் சமநிலை (எந்தத் தேர்வும் இல்லாதபோது மரபணு விகிதம் மாறாமல் இருப்பது), இயற்கைத் தேர்வு என்றால் சரியாக என்ன, ஹாமில்டன் விதி (உறவினருக்கு உதவுவது எப்போது லாபம் என்பது) என்ன சொல்கிறது என்பது தெரிந்தால் தொடங்கிவிடலாம். பிளஸ் டூ உயிரியல் படிக்காதவர்கள் தமிழ்நாட்டுப் பாடநூலை எடுத்து மரபியல், பரிணாமம் பாடங்களை மட்டும் படியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான்.

என்.பி.டெல். (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடங்கள்) பாடங்களைப் பார்ப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். இந்தச் சான்றிதழைச் சேர்க்கைக் குழு பெரிதாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பணத்தை மிச்சம் பிடியுங்கள். அதைவிடப் பெங்களூர் ஐ.சி.டி.எஸ். (கோட்பாட்டு அறிவியலுக்கான சர்வதேச மையம்) நடத்திய மக்கள்தொகை மரபியல் (ஓர் உயிர்க்கூட்டத்தில் மரபணு விகிதம் எப்படி மாறுகிறது என்னும் படிப்பு), பரிணாமப் பயிற்சி முகாம்களின் விரிவுரைகள் யூடியூபில் முழுசாகக் கிடக்கின்றன. அவற்றில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால், பின்னால் நேர்காணலில் உங்களைக் கேள்வி கேட்கப்போகிறவர்கள் எந்த மாதிரி யோசிப்பார்கள் என்பது பிடிபட்டுவிடும். முகாம் அறிவிப்பு வந்தால் விண்ணப்பித்தும் பாருங்கள்.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஒன்று: மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு நவம்பருக்குள் விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உட்கார இடம், கையில் கொஞ்சம் காசு. பி.எச்டி. நேர்காணலில் பேச ஒரு விஷயம் கிடைப்பதுதான் பெரிய லாபம்.

3. துறையின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் செய்த முதல் பெரிய தப்பு இது. கணிதம் படித்தவன், ஆகவே கணிதத் துறைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் "நீங்கள் சொல்கிற வேலையை எங்கள் துறையில் யாரும் செய்யவில்லையே" என்றார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இந்தியாவில் இந்த ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள், பெரும்பாலும் கணிதத் துறைக்கு வெளியே. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில் (இந்திய அறிவியல் கழகம்) சூழலியல் அறிவியல் மையத்தில் விஷ்வேஷ குட்டல் இருக்கிறார், கூட்டமாக நகரும் விலங்குகளைப் பற்றிய கோட்பாடு அவருடைய வேலைகளில் ஒன்று. அதே ஊரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் கவிதா ஜெயின் மக்கள்தொகை மரபியலின் கணிதத்தைச் செய்கிறார், வந்தது இயற்பியலிலிருந்து. ஐ.ஐ.டி. கான்பூரில் சாகர் சக்கரவர்த்தி இயற்பியல் துறையில் இருந்துகொண்டு பரிணாம கேம் தியரி (மேலே போட்ட வாய்க்கால் கணக்கு மாதிரி) செய்கிறார். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்ஹா, இயற்பியல், உயிரியல், சமூகம் மூன்றையும் தொடுகிறவர். இது முழுப் பட்டியல் இல்லை. தேடும் முறையைக் காட்டத்தான் சொல்கிறேன்: துறையின் பெயரை விடுங்கள், ஆளின் கட்டுரைகளைத் தேடுங்கள், அப்புறம் அவர் எந்தத் துறை வழியாக மாணவர் எடுக்கிறார் என்று பாருங்கள்.

அடுத்தது தகுதி விதி. சில துறைகள் எந்த அறிவியல் முதுகலைப் பட்டத்தையும் ஏற்கும், சில துறைகள் "இயற்பியல் முதுகலை" என்றே கேட்கும். உங்கள் பட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். பட்டச் சான்றிதழில் "கணிதமும் கணினிப் பயன்பாடும்" என்று அச்சாகியிருந்தால், துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. தேர்வுகளும் தேதிகளும்

இங்கேதான் என் ஒரு வருடம் போனது. ஆகஸ்டில் சேர வேண்டும் என்றால் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே வேலை ஆரம்பிக்கிறது.

கேட் (முதுநிலை, ஆய்வுச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) தேர்வுக்கான பதிவு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். 2026 தேர்வுக்குப் பொதுக் கட்டணம் 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000. தாமதக் கட்டணம் 500. கணிதத்துக்குத் தாள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். சூழலியலும் பரிணாமமும் என்றே தனித் தாள் இருப்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் குறி வைத்திருக்கும் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அறிவியல் ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய். கணித அறிவியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண், அதில் 95 கடைசிப் பகுதிக்கு. அந்தப் பகுதியில் மைனஸ் மார்க் கிடையாது, ஆனால் சரியான விடைகள் அத்தனையையும் தேர்ந்தெடுத்தால்தான் மார்க். முதல் இரண்டு பகுதிகளிலும் மைனஸ் உண்டு. இதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிட்டால் உதவித்தொகையை நீங்களே கையோடு கொண்டுபோகிறீர்கள். சேர்க்கையில் இது பெரிய பலம்.

என்.சி.பி.எஸ். (பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம்) போன்ற டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு டிசம்பரில் வரும், விண்ணப்பம் அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மூடிவிடும். ஐ.ஐ.எஸ்ஸி. விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், 800 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி.க்குப் பாதி.

தேர்வு, விண்ணப்பக் கட்டணம், பயணம் எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாம் சுற்றில் 11,000 ரூபாய் ஆனது. பாதிக்கு மேல் ரயிலுக்கும் லாட்ஜுக்கும்.

5. ஆவணங்கள்: இங்கேதான் கவிழ்வோம்

கணக்கில் தோற்றவர்களைவிடக் காகிதத்தில் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "ம. செல்வி", ஆதாரில் "செல்வி மணி", பல்கலைக்கழகச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் வந்து "செல்வி ம." வடக்கே இருக்கும் கணினிக்கு இவர்கள் மூன்று பேர். விண்ணப்பத்தில் போடும் பெயரும், தேர்வு அறைக்குக் கொண்டுபோகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரைத் திருத்துவதுதான் எளிது, பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்தக் கிளம்பினால் ஆயுசு போய்விடும். அதனால் எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்ப ஜூன், ஜூலைக்குள் மாற்றி முடியுங்கள்.

சாதிச் சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. பிரிவினர் கையில் வைத்திருக்கும் நிரந்தர அட்டை மாநில அரசுக்குச் செல்லும். மத்திய நிறுவனங்களுக்குச் செல்லாது. அவர்கள் கேட்பது மத்திய அரசு படிவத்தில் உள்ள, கிரீமி லேயர் இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் தனியாகப் பார்க்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் மாநில அட்டையை ஸ்கேன் செய்து போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். சரிபார்ப்பு நாளில் ஆவணங்களைப் பார்த்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வாங்கும் வழி: இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பம், அப்புறம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். எனக்கு 19 நாள் ஆனது, அதில் பத்து நாள் வி.ஏ.ஓ. மேசையில். போனால் நகரும், போகாவிட்டால் அங்கேயே இருக்கும். டிசம்பரில் விண்ணப்பித்தால் நடுவில் பொங்கல் விடுமுறை வந்துவிடும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும், பழையதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினருக்கான சான்றிதழுக்கும் இதே கதைதான்.

மதிப்பெண். தனித்தனி செமஸ்டர் சீட்டுகள் போக, ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழும் வேண்டும். சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு தாளில் வாங்குங்கள். நீங்களாகப் பத்தால் பெருக்கிப் போட்டால் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இந்த ஒரு தாளுக்கு நான் நான்கு தடவை போனேன். இரண்டு தடவை கையெழுத்துப் போடுகிறவர் லீவு.

சேரும்போது டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ், ப்ரொவிஷனல் எல்லாம் ஒரிஜினலாகக் கேட்பார்கள். கல்லூரி நூலகத்தில் திருப்பித் தராத ஒரு புத்தகத்துக்காக நோ டியூஸ் கிடைக்காமல் டி.சி. ஒரு வாரம் தள்ளிப்போன நண்பன் எனக்கு உண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், ஒரு நல்ல ஸ்கேன், ஃபைல் பெயரில் உங்கள் பெயர். செல்போனில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம்.

6. கைடுக்கு மெயில்

செப்டம்பர், அக்டோபரில் எழுதுங்கள். விண்ணப்பம் மூடும் வாரத்தில் எழுதினால் நூற்றில் ஒருவராகப் போய்விடுவீர்கள். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கும் மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினேன். வந்த பதில் பூஜ்யம். பிறகு நான்கே பேருக்கு எழுதினேன், மூன்று பேர் பதில் போட்டார்கள். வித்தியாசம் இதுதான்: அவருடைய ஒரு கட்டுரையை எடுத்து, அதிலிருந்த ஒரு படத்தை நானே பைத்தானில் வரைந்து பார்த்து, கூட்டத்தின் அளவைக் குறைத்தால் விளைவு தலைகீழாவதை எழுதி, "இது சரியா, இல்லை நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?" என்று கேட்டிருந்தேன். மொத்தம் பத்து வரி. நிரலுக்கு இணைப்பு, ஒரு பக்க சி.வி. மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி கடைசி வரியில்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நாங்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பெரிய மாடலாகக் காட்டினால் மதிப்பு என்று நினைப்பது. என் முதல் மாடலில் பதினோரு அளவுருக்கள் இருந்தன. பார்த்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் எதையெல்லாம் எடுத்தாலும் பதில் மாறாது?" எடுத்துக்கொண்டே வந்தேன், இரண்டு மிஞ்சின.

7. சிபாரிசுக் கடிதம்

இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். கடிதத்தை நீங்கள் கொடுப்பதில்லை, அவர்களுக்கே மெயிலில் இணைப்பு போகும். நம் ஊர்க் கல்லூரிகளில் மெயிலைத் தினமும் பார்க்கிற ஆசிரியர் குறைவு, ஸ்பேமில் போய் விழுவதும் உண்டு. அதனால் ஒரு மாதம் முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் மதிப்பெண், செய்த புராஜெக்ட், விண்ணப்பிக்கும் இடங்கள், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஜிமெயில் முகவரியை ஏற்காத இடங்களும் உண்டு, கல்லூரி முகவரி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு வந்த அன்று, "சார், மெயில் வந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டுமா?" என்று கேளுங்கள். எங்கள் சார் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

8. நேர்காணல்

நான் ஊற்றிக்கொண்ட கேள்வியைச் சொல்கிறேன். ஓர் ஏரி, அதிகபட்சம் 1,000 மீன் தாங்கும். வளர்ச்சி வீதம் வருடத்துக்கு 1. மீன்கள் லாஜிஸ்டிக் முறையில் பெருகுகின்றன, அதாவது ஏரி நிரம்ப நிரம்பப் பெருக்கம் மந்தமாகும். வருடத்துக்கு இத்தனை என்று ஒரே அளவில் பிடித்தால் என்ன ஆகும்?

நான் உடனே சமன்பாட்டைத் தொகையிட ஆரம்பித்தேன். பகுதிப் பின்னம், மடக்கை என்று பலகை நிரம்பியது, பதில் வரவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது ஒரு படம்தான். மீன் எண்ணிக்கைக்கு எதிராக வருட வளர்ச்சியை வரைந்தால் மலை போல ஒரு பரவளையம், உச்சி 500 மீனில், உயரம் 250. பிடிக்கும் அளவு ஒரு படுக்கைக்கோடு. கோடு 200-இல் இருந்தால் மலையை இரண்டு இடத்தில் வெட்டும், சுமார் 276-லும் 724-லும். 724 நிலையானது. 276-க்குக் கீழே போனால் ஏரி காலி. கோடு 250-க்கு மேலே போனால் வெட்டவே வெட்டாது, எத்தனை மீனில் தொடங்கினாலும் காலி. இரண்டு நிமிட வேலை.

ஆகவே எதையும் தீர்க்கும் முன் வரையுங்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மௌனமாக நின்றால் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, நான் "இந்தக் கோடு மேலே போனால் அது அவுட்" என்கிற அளவு ஆங்கிலத்தில்தான் இரண்டாம் தடவை தேறினேன். "ஏன் உயிரியல்?" என்பது கட்டாயம் வரும். டார்வின் மீது சின்ன வயதிலிருந்து ஈர்ப்பு என்று சொல்லாதீர்கள், அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாய்க்கால் கணக்கு மாதிரி நீங்களே போட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்.

9. சேர்ந்த பிறகு முதல் நான்கு மாதம்

ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து மதிப்பீட்டுக்குப் பின் 42,000. விடுதி தராவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சேர்ந்த தேதி அறிக்கை, வங்கிக் கணக்கு, கைடு கையெழுத்து என்று காகிதம் சுற்றி வந்து, எனக்கு முதல் பணம் நான்காவது மாதம்தான் வந்தது. நிலுவையோடு மொத்தமாக வந்தது என்பது உண்மை, அதுவரை மெஸ் பில்லுக்கு அது உதவவில்லை. குறைந்தது 50,000 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். முடியாதவர்கள் சேரும் அன்றே துறை அலுவலகத்தில் முன்பணம் உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் உண்டு, கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

லேப்டாப் புதிதாக வாங்க வேண்டாம். மேலே சொன்ன சிமுலேஷன்கள் எட்டு ஜி.பி. ராம் உள்ள பழைய மெஷினில் ஓடும். பெரிய வேலை வந்தால் நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது. ஒரு நல்ல வெள்ளைப் பலகை மட்டும் வாங்குங்கள், அறையில் மாட்ட அனுமதி வாங்கிக்கொண்டு.